சர்வர் ஃபோல்டரில் கிடக்கும் சான்றிதழ் கோப்புகள்: எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை அழிக்கலாம்?

கணக்கர்_கூடம் (கேள்வி)

வணக்கம். 12 பேர் வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றின் கோப்பு சர்வரைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. உபுண்டு 22.04, அதில் கோப்புப் பகிர்வுக்கு நெக்ஸ்ட்கிளவுட், முன்னால் வலை சர்வராக என்ஜின்எக்ஸ். ஸ்கேனர்கள் அனுப்பும் கோப்புகளை வாங்கிக்கொள்ள விண்டோஸ் சர்வர் 2016 கணினி ஒன்றில் ஃபைல்ஜில்லா சர்வர் தனியாக ஓடுகிறது.

இரண்டுக்கும் பொதுவாக ‘சான்றிதழ்கள்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் உள்ளவை: ஆபீஸ்.சிஆர்டி, ஆபீஸ்.சிஏ-பண்டில், ஆபீஸ்.பி7பி, ஆபீஸ்.சிஎஸ்ஆர், சர்வர்.கீ, சர்வர்-பழையது.கீ, பேக்கப்.பிஎஃப்எக்ஸ், டோக்கன்.செர். எது எதற்கு என்று குறிப்பு எதுவும் இல்லை.

இப்போதைய சிக்கல்: காசு கொடுத்து வாங்கிய புதிய சான்றிதழை (ஆபீஸ்.சிஆர்டி) என்ஜின்எக்ஸில் போட்ட பிறகு, கணினிகளில் குரோமும் எட்ஜும் எச்சரிக்கை எதுவும் காட்டாமல் திறக்கின்றன. ஆனால் ஆண்ட்ராய்டு போனில் நெக்ஸ்ட்கிளவுட் ஆப் சான்றிதழை நம்ப முடியாது என்கிறது. லினக்ஸ் கணினியிலிருந்து கர்ல் (வலை முகவரியைக் கட்டளை வரியில் திறக்கும் கருவி) அடித்தால் பிழை எண் 60 வருகிறது. சான்றிதழே தவறா, நான் போட்ட விதம் தவறா? கூடவே, இந்தக் கோப்புகளில் எதை அழித்தால் ஆபத்து என்பதும் தெரிய வேண்டும்.

வேர்ச்சான்று

சான்றிதழில் தவறு இருக்காது. போன் சிக்கலுக்கு அடுத்து வருபவர்கள் விரிவாகச் சொல்வார்கள். நான் கோப்புகளைப் பிரித்துத் தருகிறேன்.

எக்ஸ்டென்ஷனை நம்பாதீர்கள். சிஆர்டி, செர், பெம் என்ற பெயர்களுக்குள் எது வேண்டுமானாலும் இருக்கலாம். நோட்பேட்++ போன்ற ஒன்றில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். ஐந்து ஹைஃபன், அதன்பின் ‘பிகின்’ என்று தொடங்கினால் அது பெம் வடிவம், அதாவது பைனரியை பேஸ்64 எழுத்துகளாக்கி வரிக்கு 64 எழுத்தாக மடித்து வைத்தது. திறந்தவுடன் கிறுக்கல் எழுத்தாக வந்தால் டெர் வடிவம் அல்லது பிஎஃப்எக்ஸ். டெர் கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால் பெரும்பாலும் 30 82 என்ற பைட்டுகளில் தொடங்கும். அதே இரண்டு பைட்டும் பேஸ்64 ஆகும்போதுதான் பெம் கோப்புகளின் இரண்டாம் வரி பெரும்பாலும் ‘எம்ஐஐ’ என்று ஆரம்பிக்கிறது. பெம், டெர் இரண்டிலும் உள்ளே இருப்பது ஒன்றேதான், உறைதான் வேறு.

‘பிகின்’ என்பதற்குப் பிறகு என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். ‘சர்டிஃபிகேட்’ என்று மட்டும் இருந்தால் அது பொதுச் சான்றிதழ். இணைக்கும் ஒவ்வொருவருக்கும் சர்வரே அதைக் கொடுக்கிறது, அதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. ‘சர்டிஃபிகேட் ரிக்வெஸ்ட்’ என்றால் சிஎஸ்ஆர், அதாவது சான்றிதழ் கேட்டு அனுப்பிய விண்ணப்பம். ‘பிரைவேட் கீ’, ‘ஆர்எஸ்ஏ பிரைவேட் கீ’, ‘இசி பிரைவேட் கீ’ ஆகிய மூன்றில் எது இருந்தாலும் அதுதான் காப்பாற்ற வேண்டிய கோப்பு, சான்றிதழோடு ஜோடியாக உள்ள ரகசியச் சாவி. ‘என்கிரிப்டட் பிரைவேட் கீ’ என்றிருந்தால் அதற்குக் கடவுச்சொல் உண்டு. என்ஜின்எக்ஸ் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதைக் கேட்டு நிற்கும்.

உங்கள் பட்டியலுக்கு வருவோம். ஆபீஸ்.சிஆர்டி உங்கள் டொமைனுக்கான சான்றிதழ். சிஏ-பண்டில் என்பது அதற்குக் கையெழுத்திட்ட இடைநிலைச் சான்றிதழ்கள். பி7பி என்பது இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிய பிகேசிஎஸ்#7 பொதி, ஐஐஎஸ், டாம்கேட் போன்ற வேறு வலை சர்வர்களுக்காகத் தருவது. அதில் பிரைவேட் கீ இருக்காது, இருக்கவும் முடியாது. என்ஜின்எக்ஸுக்கு அது தேவையில்லை, அழிக்கலாம். சிஎஸ்ஆரின் வேலை சான்றிதழ் வந்த அன்றே முடிந்துவிட்டது. கீ கையில் இருந்தால் புதிதாக ஒன்றை எப்போதும் உண்டாக்கிக்கொள்ளலாம்.

பிஎஃப்எக்ஸ் வேறு ரகம். பிகேசிஎஸ்#12 பெட்டி அது. சான்றிதழ், இடைநிலைகள், பிரைவேட் கீ மூன்றையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டியது. பெயரை மட்டும் பார்த்து அது இந்த வலைத்தளத்துடையது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே என்ன என்று பார்க்கும் வரை தொடவே வேண்டாம்.

இரண்டு கீ கோப்புகளில் எது இந்தச் சான்றிதழுக்கு உரியது என்று கண்டுபிடிக்க, இரண்டிலிருந்தும் பொதுக் கீயை வெளியே எடுத்து ஒப்பிட வேண்டும். ‘ஓப்பன்எஸ்எஸ்எல் எக்ஸ்509’ கட்டளையில் சான்றிதழைக் கொடுத்து ‘-நோஅவுட் -பப்கீ’ சேருங்கள். ‘ஓப்பன்எஸ்எஸ்எல் பிகீ’ கட்டளையில் கீ கோப்பைக் கொடுத்து ‘-பப்அவுட்’ சேருங்கள். இரண்டும் கக்கும் எழுத்துகள் ஒன்றானால் அது ஜோடி. பழைய குறிப்புகளில் ‘மாடுலஸ்’ எடுத்து எம்டி5 பார்க்கச் சொல்வார்கள். அது ஆர்எஸ்ஏ வகைக் கீக்கு மட்டும் பொருந்தும். சான்றிதழைத் தானாக வாங்கிப் புதுப்பிக்கும் செர்ட்பாட் கருவியில் 2.0 வந்ததிலிருந்து இயல்பாகவே இசிடிஎஸ்ஏ என்ற வேறு வகைக் கீ தான் உண்டாகிறது, அங்கே அந்த வழி உதவாது.

சான்றிதழ் விற்ற நிறுவனத்திடம் பிரைவேட் கீயைக் கேட்டு அலைவதில் பயனில்லை. சிஎஸ்ஆர் எந்தக் கணினியில் உண்டானதோ அங்கேதான் கீயும் பிறந்தது. அது தொலைந்தால் புதுக் கீ, புது சிஎஸ்ஆர், மறுவெளியீடு என்ற வழிதான் உண்டு. பெரும்பாலான இடங்களில் செல்லுபடிக் காலத்துக்குள் மறுவெளியீட்டுக்குக் கட்டணம் கேட்பதில்லை.

தொடர்ச்சங்கிலி

போன் சிக்கல் இடைநிலைச் சான்றிதழ் இல்லாததால் வருவது. சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்பதுதான் கர்ல் 60-இன் பொருள், அதுவும் இதோடு பொருந்துகிறது.

நடப்பது இதுதான். போனில் பதிந்திருப்பது வேர்ச் சான்றிதழ்கள் (நம்பிக்கை தொடங்கும் உச்சச் சான்றிதழ்கள்) மட்டும். உங்கள் டொமைன் சான்றிதழில் கையெழுத்திட்டதோ வேர் அல்ல, அதற்குக் கீழே உள்ள இடைநிலை. அந்த இடைநிலையை சர்வர்தான் சேர்த்து அனுப்ப வேண்டும். நீங்கள் ஆபீஸ்.சிஆர்டி மட்டும் போட்டிருக்கிறீர்கள். விண்டோஸில் ஓடும் குரோமும் எட்ஜும் சான்றிதழுக்குள்ளேயே எழுதியிருக்கும் முகவரியைப் படித்து, விடுபட்ட இடைநிலையைத் தாமே இறக்கிக்கொள்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் தெரிந்த இடைநிலைகளை முன்கூட்டியே வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு ஆப்களும் லினக்ஸ் கர்லும் அப்படித் தேடிப் போவதில்லை. கொடுத்ததை வைத்துத்தான் சரிபார்க்கும். அதனால் ‘என் கணினியில் திறக்கிறதே’ என்பதை ஒரு சோதனையாகவே கொள்ளாதீர்கள். சர்வர் வேலை செய்பவர்கள் பாதிப் பேர் உலாவியில் பார்த்துவிட்டு முடிந்தது என்று எழுந்து போவதால்தான் இந்தக் கோளாறு இன்றும் உயிரோடு இருக்கிறது.

சரிசெய்வது: இரண்டையும் ஒரே கோப்பாக்குங்கள். முதலில் ஆபீஸ்.சிஆர்டி, அடுத்து சிஏ-பண்டில். ‘கேட்’ கட்டளையால் ஒட்டி ஃபுல்செயின்.பெம் என்று சேமித்து, என்ஜின்எக்ஸின் ‘எஸ்எஸ்எல்_சர்டிஃபிகேட்’ வரியில் அதன் பாதையைக் கொடுங்கள். ‘எஸ்எஸ்எல்_சர்டிஃபிகேட்_கீ’ வரியில் ஜோடிக் கீ. பிறகு ‘என்ஜின்எக்ஸ் -டி’ போட்டுப் பிழை இல்லை என்று பார்த்துவிட்டு ரீலோட்.

இதில் மூன்று இடத்தில் கால் இடறும். வரிசை மாறிப் பண்டில் முன்னால் வந்தால் ‘கீ வேல்யூஸ் மிஸ்மேட்ச்’ என்று சொல்லும். என்ஜின்எக்ஸ் கோப்பில் முதலில் இருக்கும் சான்றிதழைத்தான் உங்கள் கீயோடு பொருத்திப் பார்க்கும். இடைநிலைக்கு உங்கள் கீ எப்படிப் பொருந்தும்? கீ தவறு என்று நினைத்து மறுவெளியீட்டுக்கு ஓடாமல் வரிசையைப் பாருங்கள். அடுத்தது, ஆபீஸ்.சிஆர்டி கோப்பின் கடைசியில் வரி முறிவு இல்லாவிட்டால் ‘எண்ட் சர்டிஃபிகேட்’ என்பதும் அடுத்த ‘பிகின் சர்டிஃபிகேட்’ என்பதும் ஒரே வரியில் பத்து ஹைஃபனோடு ஒட்டிக்கொள்ளும். ‘பேட் எண்ட் லைன்’ பிழை அதுதான். நடுவில் ஒரு எண்டர் தட்டினால் போதும். மூன்றாவது, விண்டோஸில் திருத்திச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 உடன் பிஓஎம் சேர்ந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் முதல் வரிக்கு முன்னால் உட்காரும். ‘நோ ஸ்டார்ட் லைன்’ என்று வந்தால் அதைச் சந்தேகியுங்கள். விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை மறைத்து வைத்திருந்தால் ஃபுல்செயின்.பெம்.டிஎக்ஸ்டி என்று சேமித்திருப்பதும் உண்டு.

வேர்ச் சான்றிதழை ஒட்ட வேண்டியதில்லை. இணைப்பவரிடம் அது ஏற்கனவே இருந்தால்தான் நம்பிக்கை. நீங்கள் அனுப்பினால் ஒவ்வொரு கைகுலுக்கலிலும் ஒன்றிரண்டு கிலோபைட் வீண், அவ்வளவுதான்.

சோதிக்க, சர்வருக்கு வெளியே உள்ள கணினியிலிருந்து ‘ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட்’ கட்டளையில் ‘-கனெக்ட்’ உடன் டொமைனும் 443 போர்ட்டும், ‘-சர்வர்நேம்’ உடன் டொமைனும், கடைசியில் ‘-ஷோசர்ட்ஸ்’ என்பதும் கொடுங்கள். சர்வர்நேம் விடுபட்டால், ஒரே ஐபியில் பல தளங்கள் இருக்கும்போது வேறு தளத்தின் சான்றிதழ் வந்து குழப்பும். இறுதியில் ‘வெரிஃபை ரிட்டர்ன் கோட்’ 0 என்று வர வேண்டும். 20 அல்லது 21 வந்தால் சங்கிலி இன்னும் அறுந்திருக்கிறது. 10 வந்தால் காலாவதி.

அப்பாச்சி வைத்திருப்பவர்களுக்கு: 2.4.8 முதல் ‘எஸ்எஸ்எல்சர்டிஃபிகேட்ஃபைல்’ வரியிலேயே முழுச் சங்கிலியையும் கொடுக்கலாம். தனியான ‘செயின்ஃபைல்’ வரி வழக்கொழிந்தது.

கணக்கர்_கூடம்

ஒட்டி ரீலோட் செய்தேன். வெரிஃபை கோட் 0. போன்களில் ஆப் இணைகிறது. மிக்க நன்றி. சர்வர்.கீ தான் ஜோடி, சர்வர்-பழையது.கீ எதனுடனும் பொருந்தவில்லை.

இன்னும் நான்கு சந்தேகம். ஒன்று, பழைய குறிப்பேட்டில் ‘சான்றிதழ் மாற்றினால் ஓசிசி செக்யூரிட்டி:சர்டிஃபிகேட்ஸ்:இம்போர்ட் போடு’ என்று நெக்ஸ்ட்கிளவுட் கட்டளை ஒன்று இருக்கிறது. போட வேண்டுமா? இரண்டு, ஃபைல்ஜில்லா சர்வருக்காக இதே சான்றிதழை உபுண்டுவில் பிஎஃப்எக்ஸ் ஆக்கி விண்டோஸ் 2016-இல் இறக்குமதி செய்தால் ‘கடவுச்சொல் தவறு’ என்கிறது. கடவுச்சொல் நிச்சயமாகச் சரிதான். மூன்று, பேக்கப்.பிஎஃப்எக்ஸைத் திறந்து பார்த்ததில் டொமைன் பெயரே இல்லை, ஒரு பணியாளரின் விண்டோஸ் பயனர் பெயர் இருக்கிறது, 100 வருடச் செல்லுபடி காட்டுகிறது. போலிச் சான்றிதழா? அவருடைய கணினியில் சில ஃபோல்டர்களில் சிறிய பூட்டுச் சின்னம் தெரிகிறது. நான்கு, டோக்கன்.செர் கோப்பில் பங்குதாரர் ஒருவரின் பெயர் இருக்கிறது.

மறைபொருள்

மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் தேவை: பேக்கப்.பிஎஃப்எக்ஸை அழிக்காதீர்கள். உங்கள் ஃபோல்டரிலேயே விலைமதிப்புள்ள கோப்பு அதுதான்.

அது விண்டோஸின் இஎஃப்எஸ் (கோப்புகளைப் பூட்டும் உள்ளமைந்த வசதி) சான்றிதழ். எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டரின் பிராப்பர்டீஸ், அட்வான்ஸ்டு, ‘என்கிரிப்ட் கன்டென்ட்ஸ்’ என்று டிக் அடித்தால் விண்டோஸ் சத்தமில்லாமல் அந்தப் பயனருக்குத் தானே கையெழுத்திட்ட ஒரு சான்றிதழை உண்டாக்கும். தானே உண்டாக்குவதால்தான் 100 வருடம். போலி இல்லை. ஒவ்வொரு கோப்பும் தனக்கென ஒரு ஏஇஎஸ் கீயால் பூட்டப்படுகிறது. அந்தக் கீ பயனரின் பொதுக் கீயால் மறைக்கப்பட்டு, என்டிஎஃப்எஸ்-இல் அந்தக் கோப்போடே சேமிக்கப்படுகிறது. திறக்கப் பயனரின் பிரைவேட் கீ வேண்டும். அது அவருடைய விண்டோஸ் புரொஃபைலில் மட்டும் இருக்கிறது, கூடுதல் பிரதி இந்தப் பிஎஃப்எக்ஸ்.

இங்கே ஒரு வேறுபாட்டை எல்லோரும் மனதில் இருத்த வேண்டும். மேலே பேசிய வலைத்தளச் சான்றிதழ் கோப்பு பயணிக்கும் வழியைக் காக்கிறது. அதன் கீ தொலைந்தால் அரை மணி நேரத்தில் புதிது வாங்கலாம், நெக்ஸ்ட்கிளவுடில் உள்ள ஒரு கோப்புக்கும் சேதமில்லை. இஎஃப்எஸ் சான்றிதழ் வட்டில் கிடக்கும் கோப்பையே பூட்டுகிறது. அதன் கீ தொலைந்தால் கோப்பும் போயிற்று. மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது, தரவு மீட்பு நிறுவனமும் கைவிரிக்கும். சான்றிதழ் கோப்பு ஒன்றைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, இது வழியைக் காப்பதா, பொருளைப் பூட்டுவதா என்பதுதான்.

இப்போது அந்தப் பணியாளரின் கணக்கில் உள்நுழைந்து கமாண்ட் பிராம்ப்டில் இவற்றைச் செய்யுங்கள். ‘சைஃபர் /யு /என்’ போட்டால் அந்தக் கணினியில் பூட்டப்பட்ட கோப்புகள் எல்லாம் பட்டியலாக வரும். இரண்டு சுவிட்சும் சேர்ந்தே இருக்க வேண்டும். ‘/என்’ விடுபட்டால் பட்டியல் காட்டுவதோடு நிற்காமல் கீகளைப் புதுப்பிக்கவும் தொடங்கிவிடும். அடுத்து ‘சைஃபர் /சி’ உடன் ஒரு கோப்பின் பெயர்: யார் திறக்க முடியும், எந்தத் தம்ப்பிரின்ட் (சான்றிதழின் கைரேகை எண்) உள்ள சான்றிதழால் என்று காட்டும். அந்தத் தம்ப்பிரின்டை பிஎஃப்எக்ஸுக்குள் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ‘சர்ட்யூட்டில் -டம்ப்’ அதைக் காட்டும். ஒன்றாக இருந்தால் உங்கள் பிரதி உண்மையில் பயன்படும். வேறாக இருந்தால் அது பழைய சான்றிதழ். ‘சைஃபர் /எக்ஸ்’ போட்டு இன்றைய சான்றிதழைப் பிரதி எடுங்கள். பழையதையும் வைத்திருங்கள், சில பழைய கோப்புகள் அதனால் பூட்டப்பட்டிருக்கலாம்.

எம்எம்சி (விண்டோஸின் நிர்வாகச் சாளரம்) வழியாக ஏற்றுமதி செய்பவர்கள் செய்யும் பெரிய பிழை, ‘பிரைவேட் கீயும் சேர்த்து’ என்பதைத் தேர்ந்தெடுக்காமல் செர் கோப்பாக எடுத்து வைப்பது. செர் கோப்பால் பூட்டத்தான் முடியும், திறக்க முடியாது. இறக்குமதி செய்யும்போது ‘இந்தக் கீயை ஏற்றுமதி செய்யத்தக்கதாகக் குறி’ என்பதை டிக் அடிக்க மறந்தால், அந்தக் கணினியிலிருந்து அடுத்த முறை பிரதி எடுக்க முடியாது.

உள்ளூர்க் கணக்கின் கடவுச்சொல்லை நிர்வாகி வலுக்கட்டாயமாக மாற்றினாலும் பிரைவேட் கீ பூட்டிக்கொள்ளும். பணியாளரே கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் வழியாகப் பழைய கடவுச்சொல்லைக் கொடுத்து மாற்றினால் பாதிப்பில்லை. தவறி மாற்றிவிட்டால் பழைய கடவுச்சொல்லையே திரும்ப வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் திறக்கும். விண்டோஸைப் புதிதாக நிறுவுவதுதான் மீட்சியே இல்லாத வழி.

கோப்பு நெக்ஸ்ட்கிளவுடுக்குப் போயிருந்தால் அங்கே பூட்டு இல்லை. கிளையன்ட் அந்தப் பயனராகவே ஓடுவதால் திறந்த உள்ளடக்கத்தைத்தான் அனுப்புகிறது. ஆகவே இஎஃப்எஸ் உங்கள் அலுவலகத்துக்குத் தரும் பாதுகாப்பு, முக்கியமாக வட்டைக் கழற்றிக்கொண்டு போகிறவனிடமிருந்துதான். அதற்கு வட்டு முழுவதையும் பூட்டும் பிட்லாக்கர் நல்ல வழி. என் பரிந்துரை: பிரதி எடுத்து, சரிபார்த்து, பிறகு ‘சைஃபர் /டி’ கொண்டு ஃபோல்டர்களையும் அவற்றில் உள்ள கோப்புகளையும் அவிழ்த்துவிட்டு பிட்லாக்கருக்கு மாறுங்கள். பிஎஃப்எக்ஸை அலுவலகத்துக்கு வெளியே இன்னொரு இடத்திலும், கடவுச்சொல்லை வேறொரு இடத்திலும் வையுங்கள்.

டோக்கன்.செர்: வருமான வரி, எம்சிஏ (நிறுவன விவகார அமைச்சகம்) தாக்கல்களுக்கான டிஎஸ்சி-யின், அதாவது டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழின், பொதுப் பகுதி. பிரைவேட் கீ யுஎஸ்பி டோக்கனுக்குள் உண்டாகி அங்கேயே இருப்பது, வெளியே எடுக்க வழியில்லை. அந்த செர் கோப்பை எப்போது வேண்டுமானாலும் டோக்கனிலிருந்து மறுபடி எடுக்கலாம். ஒன்று மட்டும்: டெண்டருக்கு என்கிரிப்ஷன் வகை டிஎஸ்சி வைத்திருந்தால் காலாவதியான டோக்கனையும் தூக்கிப் போடாதீர்கள். அதற்குப் பூட்டிய பழைய ஆவணங்களைப் புதிய டோக்கன் திறக்காது.

வேர்ச்சான்று

இரண்டாவது கேள்வி. கடவுச்சொல் சரி, விண்டோஸ் சொல்லும் காரணம்தான் தவறு. உபுண்டு 22.04-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 இருக்கிறது. அது பிஎஃப்எக்ஸை ஏஇஎஸ்-256 கொண்டு பூட்டி, சரிபார்ப்புக்கு ஷா-256 பயன்படுத்துகிறது. விண்டோஸ் சர்வர் 2016-க்கு அந்த வகை புரியாது. புரியவில்லை என்று சொல்லாமல் கடவுச்சொல் தவறு என்கிறது. ‘பிகேசிஎஸ்12 -எக்ஸ்போர்ட்’ கட்டளையில் ‘-கீபிபிஇ’, ‘-சர்ட்பிபிஇ’ இரண்டுக்கும் ‘பிபிஇ-ஷா1-3டிஇஎஸ்’, ‘-மேக்அல்க்’ என்பதற்கு ‘ஷா1’ கொடுத்து மறுபடி உண்டாக்கினால் ஏற்றுக்கொள்ளும். பூட்டு பலவீனமானது என்பதால் நீளமான கடவுச்சொல் வைத்து, இறக்குமதி முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். தலைகீழாகவும் நடக்கும்: பழைய விண்டோஸில் உண்டான பிஎஃப்எக்ஸை ஓப்பன்எஸ்எஸ்எல் 3 திறக்க மறுத்தால் ‘-லெகசி’ சேருங்கள்.

ஆனால் உங்களுக்கு இது எதுவுமே தேவையில்லை. ஃபைல்ஜில்லா சர்வருக்காக விண்டோஸின் சான்றிதழ்ப் பெட்டகத்தில் எதையும் போட வேண்டியதில்லை. அதன் டிஎல்எஸ் அமைப்பில் ‘எக்ஸ்.509 சான்றிதழும் பிரைவேட் கீயும் கொடு’ என்ற தெரிவில் சர்வர்.கீ, ஃபுல்செயின்.பெம் இரண்டையும் நேரடியாகக் காட்டலாம். பிஎஃப்எக்ஸ் வேண்டியிருப்பது ஐஐஎஸ்-இன் எஃப்டிபி சேவைக்கு.

ஸ்கேனரில் முகவரியை ஐபி எண்ணாகக் கொடுத்திருந்தால், சான்றிதழைச் சரிபார்க்கும் ஸ்கேனர் பெயர் பொருந்தவில்லை என்று மறுக்கும். டொமைன் பெயரையே கொடுங்கள். அந்தப் பெயர் சான்றிதழின் ‘சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம்’ பகுதியில் இருக்க வேண்டும். ‘காமன் நேம்’ பகுதியைக் குரோம் 2017-லேயே பார்ப்பதை நிறுத்திவிட்டது. ஃபைல்ஜில்லா கிளையன்டில் புதுச் சான்றிதழுக்கு ஒருமுறை ‘தெரியாத சான்றிதழ்’ சாளரம் வரலாம். கண்ணை மூடிக்கொண்டு சரி என்று அழுத்தாமல் ஷா-256 கைரேகையைச் சர்வரில் உள்ளதோடு ஒப்பிட்டுவிட்டு ஏற்கச் சொல்லுங்கள்.

ஸ்கேனரில் எஸ்எஃப்டிபி என்று இருந்தால் இந்தச் சான்றிதழுக்கும் அதற்கும் உறவே இல்லை. அது 22-ஆம் போர்ட்டில் எஸ்எஸ்ஹெச் வழி போவது, ஹோஸ்ட் கீ மட்டும் உண்டு. அமேசான் ஈசி2 தரும் பெம் கோப்பும் எஸ்எஸ்ஹெச்-க்கான பிரைவேட் கீதான். பெம் என்ற பெயரைப் பார்த்து அதைச் சான்றிதழ் இடத்தில் போட்டுப் பிழை வாங்குபவர்கள் நிறைய.

தொடர்ச்சங்கிலி

முதல் கேள்விக்கு: வேண்டாம். அந்த ஓசிசி இம்போர்ட், நெக்ஸ்ட்கிளவுட் தானே வெளியே போய் இன்னொரு சர்வருடன் பேசும்போது யாரை நம்ப வேண்டும் என்று சொல்வதற்கு. வெளிச் சேமிப்பகமாக ஒரு வெப்டாவ் சர்வரோ, அலுவலகத்துக்குள் சொந்தச் சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) கையெழுத்திட்ட வேறொரு சேவையோ இருந்தால், அந்தச் சிஏ-யின் வேர்ச் சான்றிதழைப் பெம் வடிவில் கொடுப்பீர்கள். உங்கள் தளத்தின் சொந்தச் சான்றிதழை அங்கே போட்டு ஒரு பயனும் இல்லை. உள்ளே வருபவர்களுக்குக் காட்டுவது என்ஜின்எக்ஸின் வேலை.

உபுண்டு முழுவதும் ஒரு சொந்தச் சிஏ-யை நம்ப வைக்க வேண்டுமானால், ‘யுஎஸ்ஆர் / லோக்கல் / ஷேர் / சிஏ-சர்டிஃபிகேட்ஸ்’ ஃபோல்டரில் பெம் வடிவக் கோப்பை வைத்து ‘அப்டேட்-சிஏ-சர்டிஃபிகேட்ஸ்’ ஓட்டுங்கள். உள்ளே பெம், வெளிப்பெயர் கட்டாயம் சிஆர்டி. பெம் என்று முடியும் பெயரை அது சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்.

கையால் புதுப்பிக்கும் பழக்கத்தையும் இப்போதே விட்டுவிடுங்கள். பொதுச் சான்றிதழ்களின் உச்சக் காலம் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று சிஏ/பிரவுசர் மன்றம் 2025 ஏப்ரலில் முடிவு செய்துவிட்டது. செர்ட்பாட் வைத்தால் ‘லைவ்’ ஃபோல்டரில் பிரிவ்கீ, செர்ட், செயின், ஃபுல்செயின் என்ற நான்கு பெம் வரும். அவை உண்மைக் கோப்பு அல்ல, ‘ஆர்கைவ்’ ஃபோல்டரைக் காட்டும் சிம்லிங்க். நகல் எடுத்து வேறு இடத்தில் வைத்து அந்தப் பாதையை என்ஜின்எக்ஸுக்குக் கொடுத்தால், புதுப்பித்தல் நடந்தும் பழைய நகலே ஓடிக் காலாவதியாகும். ‘லைவ்’ பாதையையே கொடுங்கள், ஃபுல்செயினும் பிரிவ்கீயும் போதும். புதுக் கோப்பு வந்தாலும் ரீலோட் செய்யும் வரை என்ஜின்எக்ஸ் நினைவில் பழையதை வைத்திருக்கும். ‘ரினியூவல்-ஹூக்ஸ்’ கீழே உள்ள ‘டிப்ளாய்’ ஃபோல்டரில் ரீலோட் கட்டளை உள்ள சிறு ஸ்கிரிப்டை வையுங்கள். ஃபைல்ஜில்லா கணினிக்கு நகல் அனுப்பும் வேலையையும் அதே ஸ்கிரிப்டில் சேர்க்கலாம். செர்ட்பாட்டுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனிலிருந்து காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்புவதில்லை. கண்காணிப்பை நீங்களே அமைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். அந்த ‘சான்றிதழ்கள்’ ஃபோல்டர் எங்கே இருக்கிறது?

கணக்கர்_கூடம்

நெக்ஸ்ட்கிளவுடில்தான், ‘பொது’ என்ற பகிர்வுக்குள். எல்லோருடைய கணினியிலும் சிங்க் ஆகிறது.

தொடர்ச்சங்கிலி

அப்படியானால் சர்வர்.கீ 12 கணினிகளில் இருக்கிறது. அதை இனி ரகசியம் என்று கொள்ள முடியாது. சர்வரிலேயே புதுக் கீ உண்டாக்கி, புது சிஎஸ்ஆர் அனுப்பி மறுவெளியீடு வாங்குங்கள். பழைய கீயையே வைத்துக்கொண்டு புதுப்பித்தால் பயனில்லை. புதுச் சான்றிதழ் என்ஜின்எக்ஸிலும் ஃபைல்ஜில்லாவிலும் ஓடத் தொடங்கிய பிறகு, பழைய சான்றிதழைக் ‘கீ வெளிப்பட்டது’ என்ற காரணம் சொல்லி ரத்து செய்யக் கேளுங்கள். வரிசை முக்கியம். முதலில் ரத்து செய்தால் இடையில் சேவை நிற்கும்.

புதுக் கீ சர்வரை விட்டு வெளியே வர வேண்டியது ஃபைல்ஜில்லா கணினிக்கு மட்டும், அதுவும் எஸ்எஃப்டிபி வழியாக. உபுண்டுவில் உரிமையாளர் ரூட், அனுமதி 600. விண்டோஸில் அந்தக் கோப்பின் செக்யூரிட்டி தாவலில் ஃபைல்ஜில்லா சேவை ஓடும் கணக்கும் நிர்வாகிகளும் மட்டும்.

பேக்கப்.பிஎஃப்எக்ஸை முதலில் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தி, அவை திறக்கின்றன என்று பார்த்துவிட்டு, பகிர்விலிருந்து நீக்குங்கள். அதற்குக் கடவுச்சொல் இருந்தாலும் 12 பேரும் நகல் எடுத்து வைத்து நிதானமாக முயன்று பார்க்கக்கூடிய இடத்தில் இருந்திருக்கிறது. ஆகவே மறைபொருள் சொன்னபடி ஃபோல்டர்களை அவிழ்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நெக்ஸ்ட்கிளவுடில் அழித்த கோப்பு ‘அழிக்கப்பட்டவை’ பகுதிக்குப் போகும். இயல்பு அமைப்பில் 30 நாள் அங்கே இருக்கும், அதன்பிறகும் இடம் தேவைப்பட்டால்தான் தானாக நீங்கும். பகிர்ந்தவர், அழித்தவர் இருவர் கணக்கிலும் அந்தப் பகுதியைத் திறந்து கீ கோப்புகளையும் பிஎஃப்எக்ஸையும் நிரந்தரமாக நீக்குங்கள். சிங்க் ஆகாமல் அணைந்து கிடக்கும் மடிக்கணினி ஏதாவது இருந்தால் அதில் கோப்பு அப்படியே இருக்கும். அதையும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.